வரைபடத்தில் வறண்டிருக்கும் ஏரி

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு என்னும் சிற்றூரின் பெயர் 2022ஆம் ஆண்டில் நாளிதழ்களில் அடிபட்டது நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே ஒரு மேட்டை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் வெளிப்பட்டன. ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. மேட்டைப் பார்த்துவரவேண்டும் என்று நாம் அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில் புறப்பட்டோம். வழிகாட்டியாக வந்தவர் நம் பழைய மாணவர். மின்னணுவியல் இளநிலை வகுப்பில் நம்மிடம் பொதுத்தமிழ் படித்தவர். தமிழ் வகுப்பை உறங்குவதற்கான இடைவேளையாகக் கொள்ளாத மிகச் சிலரில் ஒருவர் என்பதனால் பெயரும் முகமும் நினைவில் நின்றவர். (பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.)

மேட்டின்மேல் நின்று நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவரோ தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தலைகளுக்கு மேலே தெரிந்த கைபேசிக் கோபுரங்களைச் சுட்டி, இது எத்தனை மீட்டர் உயரம், இதில் எத்தனை நிறுவனங்களின் ஆண்டெனாக்கள் தொங்குகின்றன, இது எந்தத் திசைக்கு முகம் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வடக்குப்பட்டைச் சுற்றிய பத்துப் பன்னிரண்டு ஊர்களைக் காலால் அளந்தவர் அவர். கைபேசி நிறுவனங்களுக்காக வலையமைப்பைத் திட்டமிட்டு வடிவமைத்துத் தரும் தொழிலில் கடைசிக் கண்ணி. அவர் சொல்லக் கேட்டதும், அதன் பின் நாமே தேடிப் படித்ததுமாகச் சேர்ந்ததே இக்கட்டுரை.

இத்தொழில் இலக்கிய வாசகர்களுக்குப் புதிது. கோபுரத்தைப் பார்க்கிறோம், அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பதில்லை. எங்கே எத்தனை பேர் எந்நேரத்தில் பேசுவார்கள் என்று முதலில் கணிக்கவேண்டும். அந்தப் பேச்சைத் தாங்க எத்தனை நிலையங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், ஆண்டெனா எத்திசை நோக்கி எத்தனை பாகை குனிந்திருக்கவேண்டும் என்பன அடுத்த கணக்குகள். (ஆம், ஆண்டெனா சற்றே குனிந்துதான் நிற்கும். நிமிர்ந்து நின்றால் அலை தன் ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும்.) பிறகு வரைபடத்தில் சில நூறு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் நிலம் தரும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் போவார். கோபுரம் எழுந்தபின் மடிக்கணினியும் கைபேசிகளும் ஏற்றிய காரொன்று தெருத்தெருவாக ஓடி அலையின் வலிமையை அளக்கும். வலுத்த இடம் பச்சை, நலிந்த இடம் சிவப்பு.

பேச்சை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்று பெயர். ஒரு தடம் ஒரு மணிநேரம் முழுக்கப் பேச்சால் நிறைந்திருந்தால் அது ஓர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதர் ஆக்னர் எர்லாங்கின் பெயர் அது. இத்துறையின் முதல் ஆய்வுரையை அவர் 1909இல் வெளியிட்டார். நம் மனத்தில் தைத்தது அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் வரும் ஒரு செய்தி: ஏணி சுமந்த தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, நிலத்தடிக் குழிகளில் தாமே இறங்கி மின்கசிவை அளப்பாராம். அலை எவ்வளவு தூரம் போய் எவ்வளவு தேயும் என்று கணிக்க இன்றளவும் எடுத்தாளப்படும் வாய்பாட்டின் கதையும் அப்படித்தான். ஒக்குமுரா என்னும் ஜப்பானியரும் அவருடைய குழுவினரும் டோக்கியோ வட்டாரத்தில் வண்டி ஓட்டி அளந்து 1968இல் வெளியிட்ட வரைகோடுகளை, ஹாட்டா என்பவர் 1980இல் சூத்திரமாக்கினார். நகரம், புறநகர், திறந்தவெளி என்று நிலத்தை அவ்வாய்பாடு வகுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டவர்களே தெருவிலும் இறங்கியவர்களாக இருந்தார்கள் என்பதை இங்கே குறித்துவைப்போம்.

நிற்க. இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நடந்தது. பேசியவர் ஜோதி பாசு. அப்போதெல்லாம் நிறுவனமே கோபுரம் நட்டது, நிறுவனமே கணக்குப் போட்டது. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை நம்மிடம் வாங்கியது. 2004இல் பார்தி ஏர்டெல் ஒரு காரியம் செய்தது. தன் வலையமைப்பை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பை எரிக்சன், நோக்கியா, சீமென்ஸ் நிறுவனங்களிடமும், கணினிப் பணிகளை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்துவிட்டது. இயந்திரத்துக்கு விலை தராமல், பயன்படும் கொள்ளளவுக்கு எர்லாங் கணக்கில் காசு தருவது என்பது ஏற்பாடு. வணிகப் பள்ளிகளில் பாடமாக வைத்துப் படிக்கப்பட்ட செயல் அது. அடுத்தடுத்துப் பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. கோபுரங்களும் தனித் தொழிலாகப் பிரிந்தன. இண்டஸ் டவர்ஸ் 2007இல் பிறந்தது. ஊர்ப்புறத்தானும் கட்டணத்துக்கு அஞ்சாமல் பேசும் நிலை வந்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வீட்டை ஒருவர் கட்ட, ஒருவர் வரைய, ஒருவர் காவல் காக்க, இன்னொருவர் வாடகை வாங்கும் ஏற்பாட்டில் வீடு யாருடையது என்ற கேள்வி ஒருநாள் எழாமற்போகாது. தமிழகம் அதைக் கண்கூடாகக் கண்டது. 1999இல் தமிழகத்தில் தொடங்கிய ஏர்செல், 2010இல் தன் கோபுரங்கள் ஏறத்தாழ 17,500ஐ ஜி.டி.எல். உள்கட்டமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. அதே குழுமத்தின் ஜி.டி.எல். நிறுவனமோ வலையமைப்புகளைத் திட்டமிட்டு வடிவமைத்துத் தரும் பணியையே தொழிலாகக் கொண்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நொடித்தது. எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடைவாசல்களில் நின்றதை நாம் மறந்திருக்கமாட்டோம். அலை போய்விட்டது, கோபுரம் நின்றது. பிறகு அதுவும் நிற்கவில்லை. கவனிப்பாரற்ற கோபுரங்களைக் கள்வர்கள் கழற்றிக்கொண்டு போனதாகவும், காணாமற்போனவை 600க்கும் மேல் என்றும் 2022இல் செய்திகள் வந்தன. நாற்பது மீட்டர் இரும்பை ஒருவர் திருடிக்கொண்டு போகும்போது அக்கம்பக்கத்தார் ஏன் கேட்கவில்லை என்று வியந்தவர்கள் உண்டு. யாருடையது என்று தெரிந்தால் அல்லவா கேட்பதற்கு?

நம் மாணவருக்கு வருவோம். 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியபின் களப்பணிக்கு ஆள் நிறையத் தேவைப்பட்டது. கைபேசி நிறுவனம் ஒரு பெருநிறுவனத்திடம் திட்டமிடலை ஒப்படைத்தது. அது ஒரு பகுதியை இரண்டாம் நிறுவனத்திடம் தந்தது. இரண்டாவது, மாவட்டவாரியாக மூன்றாமவரிடம் பிரித்துத் தந்தது. நம் மாணவர் அந்த மூன்றாமவரின் ஆள். மாதச்சம்பளம் என்று பெயருக்கு ஒன்று. மற்றபடி, மேலே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு என்று கணக்கு. இடம் தள்ளுபடியானால் பெட்ரோல் செலவும் கைநட்டம். வரைபடத்தில் வட்டம் போட்டவர் தில்லிக்கு அருகே ஓர் அலுவலகத்தில் இருந்தார். ஒரே வாரத்தில் மூன்று மாநிலங்களுக்கு வட்டம் போடும் இளைஞர். அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் தலைக்குமேலும் ஓர் எண் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அந்த வட்டங்களில் ஒன்று வடக்குப்பட்டுக்குச் சில கல் தொலைவில் ஓர் ஏரிக்குள் விழுந்தது.

"மேப்புல அது காலி நிலம்னு இருக்குங்க ஐயா. நேர்ல போய் நின்னா ஏரி" என்றார். திட்டமிடுவோரின் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம் உண்டு. அடர்நகரம், கிராமம், காடு, நீர்நிலை, திறந்தவெளி என்பன அவ்வகைகள். செயற்கைக்கோள் எடுத்த படங்களிலிருந்து அவற்றைப் பிரிக்கிறார்கள். மேகம் மறைக்காத படம் வேண்டுமென்றால் கோடையில் எடுத்ததுதான் வாய்ப்பு. கோடையில் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் எப்படியிருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வானிலிருந்து பார்ப்பவனுக்கு அது திறந்தவெளிதான். ஐப்பசியில் அங்கே ஆளுயரத் தண்ணீர் நிற்கும் என்பதைப் படம் எப்படிச் சொல்லும்?

இந்த இடத்தில்தான் தமிழாசிரியனின் பழக்கதோஷம் குறுக்கிட்டது. முதற்பொருள் யாது என்று தொல்காப்பியம் வகுக்கையில் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே வைக்கிறது. நிலம் மட்டும் முதற்பொருளாகாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பெரும்பொழுதும் சிறுபொழுதும் கூடினால்தான் திணை. பாலைக்கென்று தனி நிலமே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டபோது பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆண்டுதோறும் வகுப்பில் நாம் இதைச் சொல்லியிருக்கிறோம், தேர்வுக்குரிய ஐந்து மதிப்பெண் வினாவாக. தில்லியின் வரைபடம் நிலத்தை வைத்திருந்தது, பொழுதை விட்டுவிட்டது. ஒரு மருதத்துண்டை அது நிலையான பாலையாக எழுதிவைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் நம்மவர்க்குத் தெரியும் என்று மார்தட்டும் கட்டுரையாக இதை யாரும் கொள்ளவேண்டாம். தொல்காப்பியரைக் கேட்டால் அவருக்கு எர்லாங் தெரிந்திராது. ஆனால் நிலத்தை வகைப்படுத்தும் எவருக்கும் அவர் எழுப்பும் கேள்வி பொருந்தும்: எந்தப் பொழுதில்?

ஊரார் வாயிலோ இதற்கெல்லாம் சொற்கள் இருக்கின்றன. ஏரியில் நீர் பரவி நிற்கும் பரப்புக்கு உள்வாய் என்று பெயர். வற்றிய காலத்திலும் அது உள்வாய்தான், பெயர் மாறாது. மிகுநீர் வழிந்தோடும் இடம் கலங்கல். பாசனத்துக்கு நீர் விடுவது மதகு. சிறிய ஏரி தாங்கல். பழவந்தாங்கல் என்று நாள்தோறும் மின்வண்டியில் அறிவிப்புக் கேட்பவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. மந்தைவெளி, மேய்க்கால், நத்தம், களம் என்று வருவாய்த்துறைக் கணக்கிலும் இச்சொற்கள் வாழ்கின்றன. திறந்தவெளி என்ற ஒற்றை நிறத்துக்குள் இவையத்தனையும் கரைந்துபோயிருந்தன. கல்வட்டங்களும் அப்படியே. இந்தப் பக்கத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகள் பல ஊர்களில் உண்டு. அவற்றுள் பாதுகாக்கப்பட்டவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டலாகாது என்பது 2010இல் திருத்தப்பட்ட சட்டம். வரைபடத்தில் அவையும் காலி நிலமே.

மாணவர் என்ன செய்தார்? ஏரி உள்வாய் அரசுப் புறம்போக்கு. அங்கே குத்தகை பேச ஆளில்லை. ஆனால் உள்வாயை ஒட்டி ஒரு பட்டா நிலம் வட்டத்துக்குள் இருந்தது. உரிமையாளருக்கும் வாடகையில் ஆசை. ஒப்பந்தக்காரர் தொலைபேசியில், "தம்பி, போட்டோவ எடு, ஓகேன்னு போடு, அனுப்பு" என்றாராம். கோடையில் எடுத்த நிழற்படத்தில் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. போட்டிருக்கலாம். அன்றைய கூலி கைக்கு வந்திருக்கும். நீர் ஏறும்போது அவர் வேறெங்கோ வேறோர் ஒப்பந்தத்தில் இருந்திருப்பார்.

நம் மாணவர் பிறந்த ஊர் மணிமங்கலத்துப் பக்கம். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் மிகுநீர் அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் அந்த அடையாறு என்ன செய்தது என்பது உலகறிந்தது. சென்னையின் பல பகுதிகளில் கைபேசிகள் ஊமையாயின. மின்சாரம் போய், நிலையங்களின் பேட்டரி தீர்ந்து, டீசல் கொண்டுசெல்ல வழியில்லாமல் போனதே பெரும்பான்மைக் காரணம். அன்று பள்ளி மாணவராக இருந்த இவர், முடிச்சூரில் வாடகைக்கிருந்த அக்காவிடமிருந்து இரண்டு நாட்கள் பேச்சுமூச்சில்லாமல் வீட்டார் தவித்ததைக் கண்டவர். "தண்ணி வர்ற அன்னிக்குத்தாங்க ஐயா போன் வேணும்" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டாம். நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. அதில் அவர் ஆங்கிலத்தில், இது ஏரி உள்வாயை ஒட்டிய நிலம், மழைக்காலத்தில் மூன்றடி நீர் நிற்கும் என்று எழுதினார். உள்வாய் என்பதற்கு ஆங்கிலச் சொல் அகப்படாமல் அதை அப்படியே ரோமன் எழுத்தில் எழுதிவிட்டார். இடம் தள்ளுபடியானது. கூலி இல்லை. மேலேயிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது: உள்வாய் என்பது நில உரிமையாளரின் பெயரா?

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நமக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும்விட்டது.

கோபுரம் பிறகு நெடுஞ்சாலையோரம் எழுந்தது. அதில் தவறு காணமுடியாது. எர்லாங் அங்கேதான் இருக்கிறது. ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைகளில் பணிமுறை மாறும் நேரத்தில் போய் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பேருந்துகளிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணின் கையும் காதுக்குப் போகும். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தங்கும் வளாகத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடமுண்டு. ஒருவர் ஊருக்குப் பத்து நிமிடம் பேசினால் எத்தனை எர்லாங் என்று நாமே தாளில் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் ஒரே மணிநேரத்துக்குள் பேசுவதாகக் கொண்டால் 3,120. அத்தனை அம்மாக்களும் அத்தனை சாப்பிட்டாயாக்களும் ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. திட்டமிடுவோர் மணிதோறும் பார்த்திருக்கும் எண் அது. ஏரிக்குக் கீழே இருக்கும் அறுபது வீட்டுக் குடியிருப்புக்கு அப்படி எண் ஏதுமில்லை. அங்கே கிழவிகள் கரைமேல் ஏறி நின்று பேசுகிறார்கள்.

ஒரகடம் சிப்காட்டிலேயே நோக்கியாவின் தொழிற்சாலையொன்று இருக்கிறது. கைபேசி செய்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது, இது வேறு. கோபுரங்களில் பொருத்தும் நிலையக் கருவிகளைச் செய்வது. ஐந்தாம் தலைமுறைக் கருவிகளும் அங்கே உருவாகிப் பல நாடுகளுக்குப் போகின்றன. கருவி இங்கே பிறந்து கப்பலேறுகிறது. அதை எங்கே நடுவது என்ற அறிவு வேறெங்கோ பிறந்து இங்கே வருகிறது. ஆம்போரா சாடியில் மது வந்திறங்கிய காலத்திலும் சரக்கோடு கணக்கும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அண்மையில் மாணவரிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்தது. இப்போது அவர் களத்தில் இல்லை. சென்னையில் குளிரூட்டிய அலுவலகம், இரவுப்பணி, மும்மடங்குச் சம்பளம். பார்தி நிறுவனம் 2010இல் ஆப்பிரிக்காவின் 15 நாடுகளில் சேவையை வாங்கி, இங்கே செய்த ஒப்படைப்பு முறையை அங்கும் கொண்டுசென்றது. அதன்பின் வேறு பலரும் அவ்வழியே வந்தார்கள். இவர் வட்டம் போடுவது சாம்பியா நாட்டுக்கு. பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை என்றே எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்நாட்டுக் களப்பணியாளர் ஒருவருடைய கைபேசி எண்ணை எப்படியோ வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நிறுவன நடைமுறையில் அதற்கு இடமில்லை. திறந்தவெளி என்று நிறமிட்ட புல்வெளிகளைப் பற்றி ஒவ்வொன்றாக அந்த ஆளிடம் கேட்கிறாராம். மழை பெய்தால் இது என்னாகும் என்பது கேள்வி. முதலில் அந்த மனிதருக்கு இது வேடிக்கையாக இருந்ததாம். இப்போது கேட்காமலே சொல்கிறாராம். அங்கே டம்போ என்று ஒரு சொல் இருக்கிறது: கோடையில் புல் காய்ந்து கிடந்து, மழைக்காலத்தில் நீர் ஊறிச் சதுப்பாகும் பள்ளநிலம். இதுவரை ஏழு வட்டங்களை டம்போவிலிருந்து நகர்த்தியதாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலதிகாரிக்கு விளக்கம் தரவேண்டியிருக்கிறது; இந்தக் காலாண்டில் அவருடைய எண்ணிக்கை குழுவிலேயே குறைவு.

மின்னஞ்சலின் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். டம்போவைத் தமிழில் தாங்கல் எனலாமா, உள்வாய் எனலாமா? தாங்கல் கரை கட்டித் தேக்கியது, டம்போவுக்குக் கரை இல்லை என்று பதில் எழுதினோம். கரையின்றி நீர் நிற்கும் பள்ளத்துக்குச் செங்கல்பட்டுப் பக்கம் என்ன சொல் வழங்குகிறது என்று வடக்குப்பட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறோம். நண்பர்களுக்குத் தெரிந்திருந்தால் தெரிவிக்கலாம்.